கியூ டிப் மாற்றுவது: பசைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை

பூல், ஸ்நூக்கர் மேஜையில் பந்தை அடிக்கும் கோல்தான் கியூ, அதன் நுனியில் ஒட்டியிருக்கும் தோல் வில்லைதான் டிப். டிப் கழன்று விழுந்தால் எல்லோரும் பசையைத்தான் திட்டுவார்கள். ரங்கூனில் எங்கள் தெருப் பையன்களுக்கு நான்தான் டிப் ஒட்டிக் கொடுக்கிறேன். கழன்று வரும் கியூக்களில் பெரும்பாலும் பசையில் குறை இருக்காது. டிப் உட்காரும் பூணான ஃபெரூலின் முகம் சமமாக இருக்காது, அல்லது டிப்பின் அடி சமமாக இருக்காது. இரண்டு முகமும் முழுதாகப் பொருந்தி உட்கார்ந்தால் ஒரு சொட்டுப் பசை போதும். உட்காராவிட்டால் எந்த ஊர்ப் பசையும் நிற்காது.

தேவையான சாமான்களைக் காளியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலேயே வாங்கிவிடலாம்: புது கட்டர் பிளேடு, 120, 400, 600 நம்பர் உப்புத்தாள், மாஸ்கிங் டேப், ஜெல் வகை சூப்பர் க்ளூ, ஒரு துண்டு ஜன்னல் கண்ணாடி. உப்புத்தாளை விரித்துத் தேய்க்கத்தான் கண்ணாடி. "அண்ணே, வீட்ல தனகா அரைக்கிற கல்லு இருக்கே, அதுல தேய்க்கலாமா?" என்று ஒரு தம்பி கேட்டான். வேண்டாம். முகத்தில் பூசும் தனகாப் பட்டையைப் பல வருஷம் அரைத்த கல் நடுவில் குழிந்திருக்கும். அதில் தேய்த்தால் டிப்பின் அடியும் வளைந்துவிடும்.

பூல் கியூவுக்கு வழக்கமாக 13 மி.மீ. டிப். ஸ்நூக்கர் கியூ மெல்லியது, அதற்கு 9 முதல் 10 மி.மீ. வரை. ஃபெரூலைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வாங்குங்கள். மிஞ்சுவதை வெட்டிக்கொள்ளலாம், சின்னதைப் பெரிதாக்க முடியாது. பழகுவதற்கு எல்க் மாஸ்டர் என்ற டிப் போதும். விலை குறைவு, மிருதுவான தோல். ஆனால் அடிக்க அடிக்கக் காளான் மாதிரி ஓரத்தில் விரியும். ஒட்டுவதற்கு முந்தைய ராத்திரி வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) வைத்து இறுக்கிவிட்டால் அது நன்றாகக் குறையும். கமுய் மாதிரி பல அடுக்குத் தோலில் செய்த டிப்புக்கு இந்த வேலை வேண்டாம். விலைதான் கடிக்கும். கை பழகிய பிறகு அதற்குப் போங்கள்.

முதலில் ஃபெரூலைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பழைய டிப்பைப் பிளேடால் ஃபெரூலுக்குச் சற்று மேலே வெட்டி எடுத்துவிட்டு, மீதித் தோலையும் பசையையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுங்கள். பிளேடைத் தோண்டுகிற மாதிரிப் பிடிக்க வேண்டாம், படுக்க வைத்துப் பிடியுங்கள்.

இப்போதுதான் முக்கியமான இடம். கண்ணாடி மேல் 400 நம்பர் தாளை வைத்து, கியூவை நேராக நிறுத்தி, ஃபெரூல் முகத்தை மெதுவாகத் தேய்க்க வேண்டும். கை ஆடினால் ஓரம் தேய்ந்து நடு மேடாகும். அதனால் தாளுக்குப் பக்கத்திலேயே கியூவைப் பிடித்துக்கொள்ளுங்கள், அழுத்த வேண்டாம், நாலு தடவைக்கு ஒருமுறை கியூவைக் கால் சுற்றுத் திருப்புங்கள். அப்புறம் பிளேடின் முதுகு விளிம்பை ஃபெரூல் முகத்தின் குறுக்கே வைத்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பாருங்கள். நடுவிலோ ஓரத்திலோ வெளிச்சக் கீற்று தெரிந்தால் இன்னும் சமமாகவில்லை. பிளேடைத் திருப்பி எல்லாப் பக்கமும் பாருங்கள். கரண்டை நம்பி ராத்திரியில் இந்த வேலைக்கு உட்காராதீர்கள். பகல் வெளிச்சத்தில்தான் கீற்று தெளிவாகத் தெரியும்.

டிப்பின் அடியை 120 நம்பர் தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். பளபளப்பு எங்குமே மிஞ்சக் கூடாது. பசை இல்லாமல் ஒருமுறை ஃபெரூல் மேல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பசை ஜெல்லாகத்தான் இருக்க வேண்டும். தண்ணீராக ஓடும் பசை தோலுக்குள் ஊறிக் கல்லாக இறுகிவிடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங்கோ என்ற பிரெஞ்சுக்காரர் தோல் டிப்பைக் கொண்டுவந்தார் என்பார்கள். அதற்கு முன் வெறும் கட்டை முனையால்தான் ஆட்டம். நடுவை விட்டு அடித்தால் வழுக்கும். டிப்பில் தடவும் சாக்குப் பொடியைத் தோல் பிடித்துக்கொள்வதால்தான் பந்தைச் சுழற்றி அடிக்க முடிகிறது. பசை குடித்த டிப்பில் அந்தப் பிடிப்பு போய்விடுகிறது.

ஒரு சொட்டை நடுவில் வைத்து, டிப்பைப் பொருத்தி, லேசாகத் திருகி உட்கார வையுங்கள். கியூவைத் தலைகீழாக்கி டிப்பைப் பலகையில் ஊன்றி ஒரு நிமிஷம் அழுத்துங்கள். சூப்பர் க்ளூ ஈரத்தால்தான் இறுகும். நம் ஊர் மழைக்காலத்தில், காற்றே நனைந்து கிடக்கும்போது, அது சீக்கிரமே பிடித்துக்கொள்ளும்; நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்காது. அந்த மாதங்களில் கையை வேகமாக வையுங்கள். எப்படியும் மறுநாள் வரை பந்தை அடிக்காதீர்கள்.

மறுநாள் ஓரத்தை வெட்டலாம். டிப் பலகையில் ஊன்றியபடியே இருக்கட்டும், பிளேடு ஃபெரூலை ஒட்டி மேலிருந்து கீழே இறங்கட்டும். ஒரே வெட்டில் முடிக்கப் பார்க்காமல் சீவிச் சீவி எடுங்கள். மிச்சத்தை 400, பிறகு 600 தாள். கடைசியில் ஓரத்தை விரல் ஈரத்தால் நனைத்து, ஜீன்ஸ் துணியால் சூடு ஏறும்வரை அழுத்தித் தேய்த்தால் தோல் இறுகிப் பளபளக்கும். இப்படி இறுகிய ஓரம் சீக்கிரம் விரியாது.

உருவம் கொடுப்பதற்கு ஓர் அளவு வேண்டும். பூல் ஆடுகிறவர்கள் நிக்கல் வளைவு, டைம் வளைவு என்று அமெரிக்க நாணயங்களை வைத்துப் பேசுவார்கள். நிக்கலின் விட்டம் 21.2 மி.மீ., டைம் 17.9. நம் கையில் புழங்குவது தாள் நோட்டுதான். அதனால் பழைய பிளாஸ்டிக் கார்டின் ஓரத்தில் காம்பஸால் 10.6 மி.மீ. ஆரத்தில் அரை வட்டம் கீறி வெட்டிக்கொள்ளுங்கள். அந்த வளைவை டிப் மேல் கவிழ்த்தால் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரிந்துவிடும். 120 தாளை உள்ளங்கையில் குழித்துப் பிடித்து, ஓரத்திலிருந்து உச்சிக்குத் தேய்த்துக்கொண்டே கியூவைச் சுற்றுங்கள். என் விருப்பம் நிக்கல் வளைவு. டைம் அதைவிடக் கூர்ந்தது, சுழற்றி ஆடுகிறவர்கள் சிலருக்கு அது பிடிக்கும்.

முதல் சில ஆட்டங்களில் டிப் கொஞ்சம் அமுங்கி விரியத்தான் செய்யும். ஓரத்தை மறுபடி சீவி, வளைவு வெட்டிய கார்டை வைத்துப் பார்த்துவிட்டால் அதற்கப்புறம் நிலைத்துவிடும். சாக் பிடிக்காமல் வழுவழுப்பானால் 120 தாளால் லேசாகக் கீறினால் போதும், ஒவ்வொரு தடவையும் உருவத்தையே தேய்க்க வேண்டாம். டிப்பின் பக்கச் சுவர் உயரம் 1 மி.மீ. அளவுக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். அதற்கு மேல் ஆடினால் பந்தை அடிக்கும் அதிர்வு நேராக ஃபெரூலுக்கு இறங்கும், ஃபெரூல் வெடித்தால் உப்புத்தாளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.