ஐயத்தோடு கருத்துரை எழுதும் முறை

அறிவியல் பயிற்சி பெற்ற ஒருவர் அன்றாடச் செய்திகளையும் சமய நம்பிக்கைகளையும் பற்றிக் கருத்துச் சொல்ல உட்காரும்போது, ஆய்வகத்தில் கடைப்பிடிக்கும் கவனத்தை மேலங்கியோடு சேர்த்துக் கழற்றி மாட்டிவிட்டு வந்துவிடுகிறார். அங்கே ஓர் அளவீட்டை மூன்று முறை சரிபார்ப்பவர், இங்கே தலைப்பைப் படித்த சூட்டிலேயே தீர்ப்பு எழுதுகிறார். நானும் அப்படி எழுதியவன்தான். எழுதியதைப் பிறகு திருத்திக்கொண்டவனும் கூட. நாளுக்கு ஒரு பக்கம் என்ற அளவில் பல ஆண்டுகளாகக் குறிப்பு எழுதியதில் பிடிபட்ட வேலைமுறையை, அதே பழக்கத்தைத் தொடங்க விரும்புவோருக்காக இங்கே விளக்குகிறேன்.

கருத்துச் சொல்லப்போகும் கூற்றை உங்கள் சொந்தச் சொற்களில், ஒரே வாக்கியமாக, சோதித்துப் பார்க்கக்கூடிய வடிவில் எழுதுவதுதான் முதல் வேலை. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலையில்தான் பெரும்பாலான குறிப்புகள் தடுக்கி விழுகின்றன. 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தது. உடனே இரண்டும் ஒரே அளவு ஆபத்தானவை என்ற செய்தி பரவியது. அந்தப் பிரிவு ஒரு பொருள் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்கான சான்று எவ்வளவு உறுதியானது என்பதை மட்டுமே குறிக்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைக் குறிப்பதில்லை. நாளொன்றுக்கு 50 கிராம் உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது என்பது முகமை தந்த கணக்கு. எதன் 18 விழுக்காடு என்று கேளுங்கள். வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு அந்நோய் வரும் ஒரு மக்கள் தொகையை எடுத்துக்கொண்டால், 5-இன் 18 விழுக்காடு 0.9, ஆக, எல்லோரும் நாள்தோறும் அந்த அளவு உண்டால் ஐந்து பேர் ஏறத்தாழ ஆறு பேராவார்கள். இந்த வாக்கியத்தை எழுதி முடித்த பிறகு, பயமுறுத்தும் கட்டுரையும் எழுத முடியாது, எல்லாம் வெறும் புரளி என்று ஒதுக்கவும் முடியாது.

அடுத்ததாக, எத்தனை பேரை ஆராய்ந்தார்கள் என்று மட்டும் பார்க்காமல், அவர்களிடம் எத்தனை விஷயங்களை அளந்தார்கள் என்றும் பாருங்கள். இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதைக் காட்டுவதற்காகவே ஜான் போஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர் 2015-இல் சிலருடன் சேர்ந்து ஓர் ஆய்வை நடத்திக் காட்டினார். சாக்லேட் சாப்பிட்டால் எடை விரைவாகக் குறையும் என்பது அதன் முடிவு. ஆய்வு பொய்யன்று, உண்மையான மனிதர்கள் உண்மையாகவே மூன்று வாரம் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தார்கள். ஆனால் இறுதிக் கணக்கில் இருந்தவர்கள் 15 பேர். அவர்களிடம் அளக்கப்பட்டவையோ எடை, கொழுப்பு, சோடியம், இரத்தப் புரதம், தூக்கத்தின் தரம் என்று 18. ஓர் அளவீடு தற்செயலாகவே 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' காட்டிவிடும் வாய்ப்பு இருபதில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட 18 அளவீடுகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், எதிலும் எதுவும் தென்படாமல் போகும் வாய்ப்பு 0.95-ஐப் பதினெட்டு முறை பெருக்கினால் கிடைக்கும். அது ஏறத்தாழ 0.40. அதாவது, ஏதோ ஒன்றில் ஏதோ ஒரு வேறுபாடு தலைகாட்டும் வாய்ப்பு 60 விழுக்காடு. எடையில் தென்பட்டது, செய்தியாயிற்று. சோடியத்தில் தென்பட்டிருந்தால் அதுவே செய்தியாகியிருக்கும். கால்குலேட்டரில் ஒரு நிமிடத்தில் முடியும் இந்தக் கணக்கை ஒரு முறையாவது நீங்களே போட்டுப் பாருங்கள். அதன் பிறகு 'ஆய்வு நிரூபித்தது' என்ற சொற்றொடர் கண்ணில் பட்டதும் கை தானாக நிற்கும்.

கருத்தை எழுதத் தொடங்கும் முன், எது தெரியவந்தால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதி வையுங்கள். 2011 செப்டம்பரில், சுவிட்சர்லாந்தின் செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்திலிருந்து ஏறத்தாழ 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியிலுள்ள கிரான் சாசோ ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்ட நியூட்ரினோ என்ற நுண்துகள்கள், ஒளிக்கு ஆகும் நேரத்தைவிட சுமார் 60 நானோ நொடி முன்னதாக வந்து சேர்ந்தன என்று அவற்றை அங்கே அளந்த ஓபெரா குழுவினர் அறிவித்தார்கள். எதுவும் ஒளியை முந்த முடியாது என்ற ஐன்ஸ்டைனை வீழ்த்திவிட்டதாக அவர்கள் சொல்லவில்லை. தங்களால் பிழையைக் கண்டுபிடிக்க முடியவில்லை, மற்றவர்களும் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். அப்போது என் குறிப்பில் நான் எழுதி வைத்த நிபந்தனை, வேறொரு கருவியில் வேறொரு குழு அதே வேறுபாட்டைக் காண வேண்டும் என்பது. சில மாதங்களில், சரியாகப் பொருந்தாமல் இருந்த ஓர் ஒளியிழைக் கம்பியின் இணைப்பே முதன்மைக் காரணம் என்று தெரியவந்தது. பிற குழுக்களின் அளவீடுகளும் ஒளியின் வேகத்தைத் தாண்டவில்லை. முடிவு நான் எதிர்பார்த்தபடி அமைந்ததில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நிபந்தனையை முன்கூட்டியே எழுதாமல் விட்டிருந்தால், எந்த முடிவு வந்திருந்தாலும் 'அப்போதே எனக்குத் தெரியும்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

சமயம் பற்றிய குறிப்புக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரே பேச்சுக்குள் பல வகைக் கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. பிறர் செய்யும் பிரார்த்தனையால் நோயாளிகள் விரைவாகக் குணமடைகிறார்கள் என்பது உலகில் நடப்பதைப் பற்றிய கூற்று, எண்ணிப் பார்க்கலாம். பிரார்த்தனை எனக்கு மன ஆறுதல் தருகிறது என்பது சொல்பவரின் அனுபவம். அதை மறுக்க எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. இறைவன் கருணையுள்ளவன் என்பது எந்த அளவுகோலிலும் அகப்படாதது. முதல் வகைக்கு உரிய பதிலை மற்ற இரண்டின் மீது வீசுவதுதான் நம்மைப் போன்ற ஐயவாதிகள் வழக்கமாகச் செய்யும் தவறு.

முதல் வகையை எப்படிக் கையாளுவது என்பதற்கு, ஹெர்பர்ட் பென்சனும் அவருடைய குழுவினரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல பயிற்சி. அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதய மாற்றுவழி (பைபாஸ்) அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் இரு குழுக்களிடமும் 'உங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கலாம், நடக்காமலும் போகலாம்' என்று சொன்னார்கள். உண்மையில் ஒரு குழுவுக்கு மட்டும் நடந்தது. மூன்றாம் குழுவினருக்குப் பிரார்த்தனை நடந்தது, நடக்கும் என்று உறுதியாகவும் சொல்லப்பட்டது. சிகிச்சைக்குப் பின் சிக்கல் ஏற்பட்டவர்கள், அறியாமல் பிரார்த்தனை பெற்ற குழுவில் 52 விழுக்காடு, பெறாத குழுவில் 51, அறிந்தே பெற்ற குழுவில் 59.

இப்போது பேனாவை எடுங்கள். 52-க்கும் 51-க்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடில்லை என்று எழுதலாம். 59-ஐப் பார்த்ததும் 'பிரார்த்தனை தீங்கு செய்கிறது' என்று எழுதக் கை துறுதுறுக்கும். அங்கேதான் நிறுத்த வேண்டும். அது தற்செயலாக இருக்கலாம், தமக்காகப் பிரார்த்திக்கும் அளவுக்கு நிலைமை மோசமோ என்ற பதற்றமாகவும் இருக்கலாம். சாக்லேட் ஆய்வுக்குக் காட்டிய கண்டிப்பை, நமக்குப் பிடித்த எண்ணுக்கும் காட்ட வேண்டும். இந்த ஆய்வு கடவுள் இல்லை என்று காட்டியதாகவும் எழுதக்கூடாது; அறிமுகமில்லாதவர்கள் குறிப்பிட்ட வகையில் செய்த பிரார்த்தனைக்குக் குறிப்பிட்ட ஒரு பலன் தென்படவில்லை என்பதே அது சொல்வது. இறைவனைச் சோதனைக்கு உட்படுத்த முடியாது என்று நம்பிக்கையாளர் ஒருவர் சொன்னால், அந்த மறுப்பு நியாயமானது என்றே ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால், பக்கத்து வீட்டுக்காரர் குணமடைந்ததை மட்டும் சான்றாக எடுத்துக்கொள்ளவும் அதே நியாயம் இடம் தராது என்பதை மரியாதை குறையாமல் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்த எல்லையை அழகாகக் காத்தவர் ஒரு பாதிரியார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. பேரண்டம் விரிவடைகிறது என்று 1927-இல் எழுதிய ஜார்ஜ் லெமேத்ர் கத்தோலிக்கக் குரு. 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், அதிலிருந்து வளர்ந்த, பேரண்டத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்ற கோட்பாடு சமயம் சொல்லும் படைப்பை உறுதிப்படுத்துவது போலப் பேசியபோது, அதில் உடன்பாடில்லாதவராக இருந்தவர் லெமேத்ர்தான். அவரைப் பொறுத்தவரை அந்தக் கோட்பாடு இயற்பியலுக்குள் நிற்பது. அதை வைத்துச் சமயத்தை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

நடப்புச் செய்திகளுக்குச் சொல்ல அதிகமில்லை: ஒரு நாள் காத்திருங்கள். முதல் மணி நேரத்தில் வரும் எண்ணிக்கை பெரும்பாலும் மாறிவிடும். அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது, மறு ஆண்டு குற்றங்கள் குறைந்தன என்றால், முந்தைய ஐந்தாண்டுகளிலும் அவை குறைந்துகொண்டே வந்தனவா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைகள்தான் அரசியலில் பாதி. உங்கள் துறைக்கு வெளியே எழுதும்போது அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். 1954-இல் வேதியியலுக்கும் 1962-இல் சமாதானத்துக்கும் நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், 1970-இலிருந்து வைட்டமின் சி-யை மிக அதிக அளவில் உட்கொண்டால் சளி வராது என்று வாதிட்டார். பின்னர் நடந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. அவருக்கே அப்படி என்றால், நமக்கு அந்த முதல் வரி எவ்வளவு தேவை என்று பாருங்கள்.

எழுதியது தவறென்று தெரிந்தால், பழைய வரியை அழித்துவிட வேண்டாம். படிக்க முடியும்படி ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் தேதியையும் தவறுக்கான காரணத்தையும் எழுதுங்கள். காரணங்கள் ஓராண்டு சேர்ந்த பிறகு மொத்தமாகப் படித்தால், உங்கள் பிழைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பது தெரியவரும். என்னுடையவை பெரும்பாலும் அவசரத்தில் விளைந்தவை. 2015 அக்டோபர் மாதக் குறிப்பேட்டில், இறைச்சியும் புகையிலையும் ஒன்றுதான் என்று நான் முடித்திருந்த பக்கத்தின் குறுக்கே ஒரு கோடும், ஓரத்தில் வேறு மையில் 'எதன் 18?' என்ற கேள்வியும் இருக்கின்றன. அன்றிலிருந்து புதுப் பக்கத்தைத் திருப்பியதும், தலைப்புக்கு முன்னால் 'எதன்?' என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டுத்தான் செய்தியைப் படிக்கத் தொடங்குகிறேன்.