எந்தப் பக்கம் நிழலிடுவது? அசமன்பாட்டின் வரைபடம், படிப்படியாக

அசமன்பாட்டுக்கு (= குறிக்குப் பதில் <, >, ≤, ≥ வருவது) வரைபடம் போடும்போது கோடு வரைவதில் அவ்வளவு சிக்கல் வராது. எந்தப் பக்கம் நிழலிடுவது, அதாவது அசமன்பாடு சரியாக வரும் புள்ளிகள் (தீர்வு) எந்தப் பக்கம் என்ற இடத்தில்தான் கை நின்றுவிடும். 2எக்ஸ் + 3ஒய் < 12 என்பதை எடுத்துக்கொள்வோம்.

படி 1: எல்லைக்கோடு

< குறியைக் கொஞ்ச நேரத்துக்கு = என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸுக்கு 0 போட்டால் ஒய் 4. ஒய்க்கு 0 போட்டால் எக்ஸ் 6. (0, 4), (6, 0) இரண்டையும் குறித்து, ஸ்கேல் வைத்துச் சேருங்கள்.

படி 2: கோட்டின் வகை

≤ அல்லது ≥ என்றால் தொடர்கோடு. வெறும் < அல்லது > என்றால் விட்டுவிட்டு வரையும் கோடு. ஏனென்றால் கோட்டிலேயே இருக்கும் புள்ளிகள் தீர்வில் சேராது. நம்முடையது இரண்டாவது வகை.

படி 3: சோதனைப் புள்ளி

கோட்டில் இல்லாத ஏதாவது ஒரு புள்ளியை எடுங்கள். ஆதிப்புள்ளி (0, 0) இருப்பதிலேயே சுலபம். அதைப் போட்டால் 0 < 12. சரிதானே? அப்படியானால் ஆதிப்புள்ளி இருக்கும் பக்கம் முழுவதையும் நிழலிடுங்கள். தவறு என்று வந்திருந்தால் எதிர்ப்பக்கம்.

ஒரே ஒரு புள்ளியை நம்பி ஒரு பக்கம் முழுவதையும் எப்படி முடிவு செய்வது? இதைப் புரிந்துகொண்டால் விதியை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. எக்ஸ் = 3 என்று வைத்துக்கொண்டு கீழிருந்து மேலே போய்ப் பாருங்கள். (3, 0)இல் 2எக்ஸ் + 3ஒய்யின் மதிப்பு 6, (3, 1)இல் 9, (3, 2)இல் 12, (3, 3)இல் 15. சரியாக 12 ஆகும் இடம்தான் நம் கோடு. அதைத் தாண்டாமல் 12க்குக் குறைவான மதிப்பு 12க்கு மேல் போகவே முடியாது. அதனால் ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி சரியென்றால் அந்தப் பக்கத்தில் எல்லாமே சரி.

இனி பலரும் சறுக்கும் இடம். "> என்றால் மேலே, < என்றால் கீழே" என்று குறியை மட்டும் பார்த்து நிழலிடாதீர்கள். எக்ஸ் − 2ஒய் > 4 என்பதைப் பாருங்கள். கோடு (4, 0), (0, −2) வழியாகப் போகும். ஆதிப்புள்ளியைப் போட்டால் 0 > 4, தவறு. ஆதிப்புள்ளி கோட்டுக்கு மேலே இருப்பதால் நிழல் கீழ்ப்பக்கம் விழும். குறி > தான், ஆனாலும் கீழே! ஒய்யைத் தனியாகப் பிரித்தாலும் இதே பதில்தான்: −2ஆல் வகுக்கும்போது குறி திரும்பி ஒய் < (எக்ஸ் − 4)/2 என்று ஆகிவிடும்.

ஒய் ≥ 2எக்ஸ் மாதிரி கோடு ஆதிப்புள்ளி வழியாகவே போனால் (1, 0)ஐச் சோதியுங்கள். 0 ≥ 2 தவறு, ஆகவே எதிர்ப்பக்கம். எக்ஸ் > 3 என்பது நிமிர்ந்த கோடு. வலப்பக்கம் நிழலிட்டால் முடிந்தது.

அப்புறம், இரண்டு அசமன்பாடுகள் சேர்ந்து வந்தால் ஒவ்வொன்றையும் வேறு வேறு சாய்வில் மெல்லிய கோடுகளால் நிழலிடுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதிதான் விடை. மேலே பார்த்த 2எக்ஸ் + 3ஒய் < 12, எக்ஸ் − 2ஒய் > 4 இரண்டையும் ஒரே தாளில் வரைந்து, (5, −1) அந்தப் பகுதிக்குள் வருகிறதா என்று பாருங்கள். இரண்டிலும் மதிப்பு 7 வரும்: 7 < 12, 7 > 4.