மாற்றுத்திறனாளி மாணவர்களின் மனநலம்: ஆசிரியர் பயிற்சியை இப்படி நடத்திப் பாருங்கள்

வட்டார வள மையத்தில் பயிற்சி என்றால், கருத்தாளர் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளையும் வாசித்து முடிப்பதற்குள் டீ வந்துவிடும். அந்தப் பட்டியலைத் தாளாகக் கொடுத்துவிடுங்கள், வீட்டில் படித்துக்கொள்வார்கள். வகுப்பில் ஒரு பிள்ளை கூனிக்குறுகிப் போகிற நேரத்தில் ஆசிரியர் என்ன சொல்ல வேண்டும், அதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

வந்திருப்பவர்களிடம் அவரவர் வகுப்பில் நடந்த ஒரு சம்பவத்தை, பிள்ளையின் பெயர் போடாமல், எழுதி வாங்குங்கள். "பி.டி. பீரியடா? நீ உட்கார்ந்து பையெல்லாம் பார்த்துக்கோ" என்பது கட்டாயம் வரும். அதை நடிக்க வையுங்கள். பை காத்தவருக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். அப்புறம் அதே காட்சி, வேறு பேச்சோடு: "பந்து போடுறியா, அம்பயரா நிக்கிறியா?" முடிவு பிள்ளையுடையது.

கண்ணைக் கட்டி நடக்க விடும் விளையாட்டு மட்டும் வேண்டாம். பத்து நிமிடத்தில் பயம்தான் மிஞ்சும், ஆசிரியர் பரிதாபத்தோடு வகுப்புக்குத் திரும்புவார். அதற்குப் பதில் பார்வையற்ற ஆசிரியர் ஒருவரைப் பேச அழையுங்கள் (மதிப்பூதியத்தோடு).

அதிக நேரம் கொடுக்க வேண்டியது நடத்தையைப் படிப்பதற்கு. காது கேட்கும் கருவியைக் கழற்றிப் பையில் போடுகிற பையனைத் திமிர் பிடித்தவன் என்று விடுவது சுலபம். காதில் புண்ணாக இருக்கலாம், பேட்டரி தீர்ந்திருக்கலாம், வகுப்பு இரைச்சல் தாங்காமல் இருக்கலாம், பின் பெஞ்சில் யாராவது கிண்டல் செய்திருக்கலாம். ஒரு தாளில் மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள்: முன்னால் நடந்தது, பிள்ளை செய்தது, அப்புறம் நடந்தது. ஒரு வாரம் எழுதினால் காரணம் பெரும்பாலும் முதல் கட்டத்திலேயே தெரியும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டும், அதனால் "சொல்லிக் காட்டு" என்று கேட்கவும் பழக்குங்கள்.

எல்லையையும் சொல்லிவிடுங்கள், ஆசிரியர் மனநல மருத்துவர் இல்லை. சாக வேண்டும்போல இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் தனியாக விடக்கூடாது, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. உடனே சொல்ல வேண்டியது தலைமையாசிரியர், பெற்றோர், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. பாலியல் தொல்லை என்றால் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

ஒரு நாளில் இது படியாது. ஒரு மாதம் கழித்து, எழுதிய கட்டத்தாளோடு மறுபடி வரச் சொல்லுங்கள், சான்றிதழை அன்றைக்குக் கொடுக்கலாம்.