அணுக்களை எண்ணினால் மட்டும் போதாது: ரெடாக்ஸ் சமன்பாடுகளை அரை வினைகளால் சமன் செய்யும் முறை

ஒரு பொருள் எலக்ட்ரானை இழக்க, மற்றொன்று அதைப் பெறும் வினைதான் ரெடாக்ஸ் வினை. அமிலக் கரைசலில் பெர்மாங்கனேட் அயனி, இரும்பின் பெர்ரஸ் அயனியோடு வினைபுரிகிறது. அதற்கு ஒரு மாணவர் எழுதக்கூடிய சமன்பாடு இது:

1 பெர்மாங்கனேட் + 1 பெர்ரஸ் + 8 ஹைட்ரஜன் அயனி → 1 மாங்கனஸ் + 1 பெர்ரிக் + 4 நீர்

அணுக்களை எண்ணிப் பாருங்கள். இரு பக்கமும் மாங்கனீசு ஒன்று, இரும்பு ஒன்று, ஆக்சிஜன் நான்கு, ஹைட்ரஜன் எட்டு. ஒரு குறையும் இல்லை. ஆனாலும் சமன்பாடு தவறு. இடப்பக்க மின்சுமை −1 + 2 + 8 = +9. வலப்பக்கம் +2 + 3 = +5. நான்கு எலக்ட்ரான்கள் கணக்கில் வராமல் உள்ளே நுழைந்திருக்கின்றன.

இந்தத் தவறு தாளோடு நிற்காது. பெர்ரஸ் அயனி உள்ள 0.1 மோலார் மோர் உப்புக் கரைசல் 20 மி.லி.யைப் பிப்பெட்டில் எடுத்து, 0.02 மோலார் பெர்மாங்கனேட்டால் தரம் பார்க்கிறீர்கள் (வினை முடியும் வரை துளித்துளியாகச் சேர்த்து, எவ்வளவு செலவானது என்று அளக்கிறீர்கள்) என்று வைத்துக்கொள்வோம். மேலே உள்ள சமன்பாட்டை நம்பினால் 100 மி.லி. பெர்மாங்கனேட் தேவை. ஆய்வகத்தில் நம் கையில் இருக்கும் பியூரெட்டின் கொள்ளளவே 50 மி.லி.தான். உண்மையில் 20 மி.லி.யிலேயே முடிவு நிலை வந்துவிடும். ஐந்து மடங்கு வித்தியாசம். அந்த ஐந்து எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தப் பாடம் முழுவதும்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. சமன்பாடுகளை இங்கே பெயர்களால் எழுதுகிறேன். நீங்கள் நோட்டில் குறியீடுகளால் எழுதிக்கொண்டே வாருங்கள். வெறுமனே படித்துக்கொண்டு போனால் இது மனதில் நிற்காது. நினைவில் வைக்க வேண்டியவை: பெர்மாங்கனேட் என்பது ஒரு மாங்கனீசும் நான்கு ஆக்சிஜனும் சேர்ந்தது, மின்சுமை −1. மாங்கனஸ் +2, பெர்ரஸ் +2, பெர்ரிக் +3.

படி 1: எலக்ட்ரானை இழப்பது எது, பெறுவது எது?

இதற்கு ஆக்சிஜனேற்ற எண் வேண்டும். தனிமமாக இருந்தால் எண் பூச்சியம். சேர்மங்களில் ஹைட்ரஜனுக்குப் பொதுவாக +1, ஆக்சிஜனுக்கு −2. பெராக்சைடுகளில் மட்டும் ஆக்சிஜனுக்கு −1. ஓர் அயனியில் உள்ள எல்லா எண்களையும் கூட்டினால் அதன் மின்சுமை வர வேண்டும்.

பெர்மாங்கனேட்டில் நான்கு ஆக்சிஜனுக்கு −8. மொத்தம் −1 வர வேண்டுமானால் மாங்கனீசு +7. வினைக்குப் பின் அது +2. எண் குறைந்திருப்பதால் எலக்ட்ரான்களைப் பெற்றிருக்கிறது, இது ஒடுக்கம். இரும்பு +2இலிருந்து +3 ஆகி, எலக்ட்ரானை இழந்திருக்கிறது, இது ஆக்சிஜனேற்றம்.

படி 2: வினையை இரண்டாகப் பிரியுங்கள்

பெர்மாங்கனேட் → மாங்கனஸ்
பெர்ரஸ் → பெர்ரிக்

இவை ஒவ்வொன்றும் ஓர் அரை வினை. இனி ஒன்றை முடிக்கும் வரை மற்றதைப் பார்க்க வேண்டாம்.

படி 3: ஒவ்வோர் அரை வினையையும் தனித்தனியாகச் சமன் செய்யுங்கள்

இங்கே வரிசை முக்கியம். முதலில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் அல்லாத அணுக்கள். அடுத்து ஆக்சிஜன், அதன்பின் ஹைட்ரஜன். எலக்ட்ரான் கடைசியில்தான்.

பெர்மாங்கனேட் அரை வினையில் மாங்கனீசு இரு பக்கமும் ஒன்றுதான். அதைத் தொட வேண்டியதில்லை. இடப்பக்கம் நான்கு ஆக்சிஜன் இருக்கிறது, வலப்பக்கம் ஒன்றுகூட இல்லை. குறைந்த பக்கத்தில், ஓர் ஆக்சிஜனுக்கு ஒரு நீர் மூலக்கூறு என்று சேருங்கள்:

பெர்மாங்கனேட் → மாங்கனஸ் + 4 நீர்

நினைத்தபடி நீரைச் சேர்க்கலாமா என்று சிலருக்குத் தயக்கம் வரும். வினை நடப்பதே நீர்த்த அமிலத்தில். நீரும் ஹைட்ரஜன் அயனியும் குடுவை நிறைய இருக்கின்றன. இல்லாத பொருள் எதையும் நாம் கொண்டுவரவில்லை.

இப்போது வலப்பக்கம் எட்டு ஹைட்ரஜன் வந்துவிட்டது. இடப்பக்கம் 8 ஹைட்ரஜன் அயனி சேருங்கள்:

பெர்மாங்கனேட் + 8 ஹைட்ரஜன் அயனி → மாங்கனஸ் + 4 நீர்

அணுக்கள் சரியாகிவிட்டன. மின்சுமை? இடப்பக்கம் −1 + 8 = +7. வலப்பக்கம் +2. மின்சுமை அதிகமான பக்கத்தில் 5 எலக்ட்ரான்களைச் சேர்த்தால் இரண்டும் +2 ஆகும்:

பெர்மாங்கனேட் + 8 ஹைட்ரஜன் அயனி + 5 எலக்ட்ரான் → மாங்கனஸ் + 4 நீர்

ஆக்சிஜனேற்ற எண் +7இலிருந்து +2க்கு இறங்கியதும் ஐந்துதான். இரண்டு வழிகளில் கணக்கிட்டும் ஒரே விடை வந்தால் அந்த அரை வினையை நம்பலாம். வராவிட்டால் அங்கேயே நின்று தவறைத் தேடுங்கள்; மேலே போகாதீர்கள்.

இரும்பின் அரை வினை ஒரே வரி:

பெர்ரஸ் → பெர்ரிக் + 1 எலக்ட்ரான்

படி 4: கொடுப்பதும் வாங்குவதும் சமமாக வேண்டும்

பெர்மாங்கனேட் ஐந்து கேட்கிறது, பெர்ரஸ் ஒன்று தருகிறது. ஆகவே இரும்பின் அரை வினையை ஐந்தால் பெருக்குகிறோம். முன்னே நிற்கும் எல்லா எண்களையும் பெருக்க வேண்டும், எலக்ட்ரானை மட்டும் அல்ல.

படி 5: கூட்டி, நீக்கி, சரிபாருங்கள்

1 பெர்மாங்கனேட் + 5 பெர்ரஸ் + 8 ஹைட்ரஜன் அயனி → 1 மாங்கனஸ் + 5 பெர்ரிக் + 4 நீர்

மின்சுமை: −1 + 10 + 8 = +17; வலப்பக்கம் +2 + 15 = +17. சரி.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மூலக்கூறு நிறை 158 ஆக இருக்க, தரம்பார்த்தலில் அதன் சமான நிறையை (ஒரு மோல் எலக்ட்ரானுக்கு ஈடான நிறையை) 31.6 என்று எழுதுகிறோமே, அது 158ஐ இந்த 5ஆல் வகுத்ததுதான். மோர் உப்பில் இரும்பு ஒரே எலக்ட்ரானைத் தருவதால் அதன் மூலக்கூறு நிறையான 392 அப்படியே சமான நிறையும் ஆகிறது. இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட அரை வினையை எழுதி எடுத்துக்கொள்வது நல்லது. கூம்புக் குடுவையில் விழும் ஒவ்வொரு துளியும் நிறமிழப்பது மேலே எழுதிய ஒடுக்கத்தால்தான். பெர்ரஸ் தீர்ந்துபோனதும் அடுத்த துளிக்கு எலக்ட்ரான் தர யாரும் இல்லை. அதனால் இளஞ்சிவப்பு மறையாமல் நிற்கிறது. வேறு நிறங்காட்டி தேவைப்படாததற்கும் காரணம் இதுவே.

அடுத்து ஆக்சாலிக் அமிலம். பெர்மாங்கனேட் அரை வினை ஏற்கெனவே தயார். திரும்பச் செய்ய வேண்டியதில்லை. ஆக்சலேட் அயனியில் இரண்டு கார்பன், நான்கு ஆக்சிஜன், மின்சுமை −2. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்: கார்பன் +3இலிருந்து +4 ஆவதைப் பார்த்து ஓர் எலக்ட்ரான் என்று எழுதிவிடுகிறார்கள். கார்பன் இரண்டு இருக்கிறது.

ஆக்சலேட் → 2 கார்பன் டை ஆக்சைடு + 2 எலக்ட்ரான்

5க்கும் 2க்கும் மீச்சிறு பொது மடங்கு 10. பெர்மாங்கனேட்டை இரண்டாலும் ஆக்சலேட்டை ஐந்தாலும் பெருக்கிக் கூட்டினால்:

2 பெர்மாங்கனேட் + 5 ஆக்சலேட் + 16 ஹைட்ரஜன் அயனி → 2 மாங்கனஸ் + 10 கார்பன் டை ஆக்சைடு + 8 நீர்

பதினாறு ஹைட்ரஜன் அயனிகள்! நீர்த்த சல்பூரிக் அமிலத்தைத் தாராளமாக ஊற்றச் சொல்வது ஏன் என்று இப்போது தெரியும். அமிலம் போதாவிட்டால் ஒடுக்கம் பாதி வழியில் நின்று, பழுப்பு நிற மாங்கனீசு டை ஆக்சைடு தோன்றும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உதவாது. அதன் குளோரைடையே பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும்.

இனி, இந்த முறையின் அருமையை எனக்கு மிக நன்றாகக் காட்டும் வினை: பெர்மாங்கனேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும். கீழே இரண்டு சமன்பாடுகள்.

2 பெர்மாங்கனேட் + 1 பெராக்சைடு + 6 ஹைட்ரஜன் அயனி → 2 மாங்கனஸ் + 3 ஆக்சிஜன் வாயு + 4 நீர்

2 பெர்மாங்கனேட் + 5 பெராக்சைடு + 6 ஹைட்ரஜன் அயனி → 2 மாங்கனஸ் + 5 ஆக்சிஜன் வாயு + 8 நீர்

இரண்டிலும் அணுக்கள் சமம். இரண்டிலும் மின்சுமை சமம், இரு பக்கமும் +4. ஆனால் இரண்டாவது மட்டுமே சரி. எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் முறையால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அரை வினையோ உடனே சொல்லிவிடும். ஒரு பெராக்சைடு மூலக்கூறு, ஆக்சிஜன் வாயுவாகவும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளாகவும் பிரியும்போது தருவது 2 எலக்ட்ரான். இரண்டு பெர்மாங்கனேட்டுக்கு வேண்டியது 10. ஆகவே பெராக்சைடு ஐந்து. முதல் சமன்பாட்டில் தரப்படுவது இரண்டே எலக்ட்ரான்; மீதி எட்டைப் பெர்மாங்கனேட்டின் சொந்த ஆக்சிஜனிலிருந்து திருடி நிரப்பியிருக்கிறார்கள். வெளிவரும் வாயு பெராக்சைடிலிருந்தே வருகிறது என்பதை ஆக்சிஜன் 18 ஐசோடோப்பைக் கொண்டு சோதித்தும் கண்டறிந்திருக்கிறார்கள்.

கார ஊடகத்துக்குப் புதிதாக எதுவும் கற்க வேண்டியதில்லை. அமில ஊடகம் போலவே முடித்துவிட்டு, கடைசியில் ஹைட்ரஜன் அயனியை அகற்றுங்கள். சல்பைட்டைப் பெர்மாங்கனேட் சல்பேட்டாக்கி, தான் மாங்கனீசு டை ஆக்சைடு ஆகும் வினையில் பெர்மாங்கனேட் பெறுவது 3 எலக்ட்ரான், சல்பைட் தருவது 2. பெருக்கிக் கூட்டி, இரு பக்கமும் பொதுவானதை நீக்கினால்:

2 பெர்மாங்கனேட் + 3 சல்பைட் + 2 ஹைட்ரஜன் அயனி → 2 மாங்கனீசு டை ஆக்சைடு + 3 சல்பேட் + 1 நீர்

இரு பக்கமும் 2 ஹைட்ராக்சைடு சேருங்கள். இடப்பக்கம் அவை ஹைட்ரஜன் அயனிகளோடு சேர்ந்து 2 நீராகும். வலப்பக்கத்து ஒரு நீரோடு ஒன்று நீங்கும்:

2 பெர்மாங்கனேட் + 3 சல்பைட் + 1 நீர் → 2 மாங்கனீசு டை ஆக்சைடு + 3 சல்பேட் + 2 ஹைட்ராக்சைடு

சல்பைட்டுக்கும் சல்பேட்டுக்கும் மின்சுமை −2 என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள்: இரு பக்கமும் −8.

நீங்களே செய்து பார்க்க ஒன்று. அமில ஊடகத்தில் டைகுரோமேட் (இரண்டு குரோமியம், ஏழு ஆக்சிஜன், மின்சுமை −2) பெர்ரஸைப் பெர்ரிக்காக மாற்றி, தான் +3 மின்சுமையுள்ள குரோமிக் அயனியாகிறது. குரோமியம் இரண்டு இருப்பதை மறக்க வேண்டாம். பெர்ரஸ் 6, ஹைட்ரஜன் அயனி 14, நீர் 7, இரு பக்க மின்சுமையும் +24 என்று வந்தால் விடை சரி.