போட்டி ஆணைய விசாரணைக்குச் சம்மன் வந்தால் வழக்கறிஞரை எப்படி உடன் வைத்துக்கொள்வது

நிறுவனங்கள் கூடிப் பேசி விலை வைப்பது போன்றவற்றைத் தடுக்கும் இந்தியப் போட்டி ஆணையத்தின் விசாரணைப் பிரிவான டிஜி (டைரக்டர் ஜெனரல்) அலுவலகம் சம்மன் அனுப்பினால், வழக்கறிஞரோடு போகலாம். 2018 மே மாதம் ஓரியண்டல் ரப்பர் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஆணையத்தின் பொது ஒழுங்குமுறைகளில், வழக்கறிஞர் உடன் வருவதற்கான 46ஏ என்ற விதி சேர்ந்தது. ஆனால் இந்த உரிமையை நீங்கள்தான் கேட்டுப் பெற வேண்டும்.

முதலில் சம்மன் யார் பெயருக்கு வந்திருக்கிறது என்று பாருங்கள். நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தவருக்கு, போட்டிச் சட்டத்தின் 48ஆவது பிரிவின்படி, அவருடைய முந்தைய 3 ஆண்டு சராசரி வருமானத்தில் 10 சதவீதம் வரை தனியாக அபராதம் விழலாம். "மேலதிகாரி சொன்னதைத்தான் செய்தேன்" என்பது உங்கள் பதிலாக இருக்குமானால், நிறுவனத்தின் வழக்கறிஞர் உங்களுக்கு ஒத்துவரமாட்டார். தனி வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, அவரை உடன் அழைத்துவர அனுமதி கேட்டு எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். வக்காலத்து அல்லது பவர் ஆஃப் அட்டர்னி அதோடு இணைந்திருக்க வேண்டும். விசாரணை தொடங்குமுன் இந்தக் கோரிக்கை டிஜி அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வாசல் வரை வந்த வழக்கறிஞரைத் திருப்பி அனுப்ப இந்த ஒரு தாள் இல்லாததே போதும். அவருக்கு அந்தத் தேதி ஒத்துவராவிட்டால் முன்கூட்டியே எழுதி வேறு தேதி கேளுங்கள். பேசாமல் இருந்துவிடாதீர்கள்: 43ஆவது பிரிவின்படி நாளுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, மொத்தம் 1 கோடி வரை அபராதம் உண்டு.

விசாரணை அறையில் அவர் உங்கள் எதிரில் உட்காரக் கூடாது. பேச்சுக் காதில் விழாத தூரத்தில் இருக்க வேண்டும். ஆலோசனை சொல்லவோ சைகை காட்டவோ முடியாது. நீதிமன்றத்தில்போல எழுந்து ஆட்சேபிப்பார் என்று நம்பிப் போகிறவர்கள்தான் முதல் கேள்வியிலேயே தடுமாறுகிறார்கள். அவருடைய வேலை முழுவதும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். விலை பற்றிய மின்னஞ்சல்கள், வாட்ஸ்அப் குழு உரையாடல்கள், வணிகச் சங்கக் கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றை அவரோடு உட்கார்ந்து தேதிவாரியாகப் படியுங்கள். அதிகாரி உங்கள் முன் எடுத்து வைக்கப்போவதும் அவற்றைத்தான்.

பதில் சத்தியப் பிரமாணத்தின்மேல் சொல்லப்படுவது. நினைவில்லாததை "நினைவில்லை" என்றே சொல்லுங்கள். ஊகித்துச் சொன்ன தேதி பின்னால் உங்களுக்கு எதிராகவே நிற்கும். பதிவான வாக்குமூலத்தை வரிவரியாகப் படித்து, நீங்கள் சொன்னதற்கு மாறாக இருப்பதைத் திருத்தச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்திடுங்கள். களைப்பில் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் பெரும்பாலும் சிக்கலில் கொண்டுபோய் விடுகிறது. வெளியே வந்ததும், அன்றே, கேட்ட கேள்விகளை வழக்கறிஞரிடம் சொல்லிக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கும் சட்ட அலுவலருக்கு எழுதியவை வெளி வழக்கறிஞருக்கு எழுதியவை அளவுக்கு ரகசியமாகப் பாதுகாக்கப்பட்டவை என்று எண்ணாதீர்கள். வழக்கறிஞர்களுக்கு 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தின் 132ஆவது பிரிவு தரும் காப்பு அவருக்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொல்லிவிட்டது. விசாரணை பற்றிய ஆலோசனையை வெளி வழக்கறிஞரிடமே கேளுங்கள்.