நடை பழகும் பிள்ளையோடு கேமரன் மலை, தைப்பிங் ஏரி: நான்கு நாள் பயணத் திட்டம்

கோலாலம்பூரிலிருந்து மலைக்குக் கிளம்பும் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டிய இடங்களைத்தான் எழுதி வைக்கின்றன. வீட்டில் ஒன்று முதல் மூன்று வயதுக்குள் ஒரு பிள்ளை இருந்தால் அந்த வரிசையை மாற்றுங்கள். முதலில் பிள்ளையின் மதியத் தூக்கம், அடுத்து மலைப்பாதையின் வளைவுகள். தேயிலையும் ஸ்ட்ராபெரியும் அதற்குப் பிறகுதான். முதல் இரண்டும் சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். அவை கெட்டுவிட்டால் எவ்வளவு அழகான மலையும் அழுகையில்தான் முடியும்.

திட்டம் இதுதான்: கேமரன் மலையில் இரண்டு இரவு, தைப்பிங்கில் ஓர் இரவு. திங்கட்கிழமை புறப்பட்டு வியாழக்கிழமை வீடு திரும்புவது. சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை, பொது விடுமுறை எல்லாவற்றையும் தவிருங்கள். அந்த நாள்களில் கியா ஃபார்ம் காய்கறிச் சந்தைக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே வண்டி நகராது. இருக்கையில் கட்டி வைத்த பிள்ளைக்கு நிற்கும் வண்டியைப் போல வேதனை வேறில்லை. திங்களில் கிளம்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ‘போ’ (BOH) தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டம் வழக்கமாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். அந்த நாள் பயணத்திலேயே கழிந்துவிடும்.

மலையிலேயே ரிங்லெட்டில் ஏரி இருக்கிறதே, தைப்பிங் எதற்கு என்று கேட்கலாம். ரிங்லெட் ஏரி சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கம், மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்டது. மேலேயுள்ள தோட்டங்களிலிருந்து வரும் மண் சேர்ந்து தண்ணீர் பல நேரம் பழுப்பாகக் கிடக்கும். சாலையிலிருந்து பார்க்கலாம், பிள்ளையை இறக்கி நடக்கவிட ஏற்ற இடம் இல்லை. தைப்பிங் ஏரிப் பூங்காவோ பழைய ஈயச் சுரங்கக் குழிகளில் உருவாகி 1880-இல் திறக்கப்பட்டது. சமதளம், அகலமான பாதை, நிழல். ஸ்ட்ரோலர் தடையின்றி ஓடும்.

ஏறுவதும் இறங்குவதும்

கேமரன் மலைக்கு இரண்டு வழிகள். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக ஏறும் பழைய சாலை தூரத்தில் குறைவு, ஆனால் வளைவுக்கு மேல் வளைவு. சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாக ஏறும் சாலை அகலமானது, வளைவுகள் நீளமாக, மெதுவாகத் திரும்பும். பிள்ளை இருந்தால் சிம்பாங் பூலாய்தான். கூடுதல் தூரத்துக்கான பெட்ரோல் காசை ஒரு வாந்தியைக் கழுவும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காலை 8.30-க்குக் கிளம்புங்கள். தாப்பா ஆர்.என்.ஆர் ஓய்விடத்தில் அரை மணி நேரம் பிள்ளையை நன்றாக ஓடவிடுங்கள். சிம்பாங் பூலாயில் 11.30 வாக்கில் மதிய உணவு. தயிர்சாதமோ இட்லியோ இடியாப்பமோ, வழக்கத்தில் பாதிக்குச் சற்று மேல். வயிறு காலியாக இருந்தாலும் குமட்டும், பால் நிறையக் குடித்திருந்தாலும் குமட்டும். பால் கொடுப்பதானால் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். அங்கேயே பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். 12.15-க்கு ஏறத் தொடங்கினால் பிள்ளை முதல் சில வளைவுகளிலேயே தூங்கிவிடும். தூங்கும் பிள்ளைக்குப் பயணக் குமட்டல் வருவது அரிது. ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று தானாக வெளியேறிவிடும் என்பதால் தூக்கத்தில் காது வலிக்கும் என்ற பயமும் பெரும்பாலும் வேண்டாம். இரண்டு மணி வாக்கில், தங்கப்போகும் மலையூரான தானா ராத்தா. மழையும் மூடுபனியும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், அதற்குள் மேலே இருப்பது நல்லது.

இறங்கும்போது கதை தலைகீழ். வெளிக்காற்றின் அழுத்தம் கூடக் கூடக் காது அடைக்கும், விழுங்கினால்தான் திறக்கும். தூக்கத்தில் பிள்ளை குறைவாகவே விழுங்கும். அதனால் இறங்கும் நேரத்தில் விழித்திருக்கட்டும். காலைத் தூக்கம் இல்லாத பிள்ளையென்றால் பசியாறிய ஒரு மணி நேரத்துக்குப் பிறகு இறங்குவது சரியாக இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு வாய் தண்ணீர் கொடுங்கள். மூக்கடைப்பு இருக்கும் பிள்ளைக்கு இந்த இறக்கம் கடினம். சளி கடுமையாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுவதே சரி.

ஓட்டுபவர் இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்திருக்கக் கூடாது. பிரேக் சூடேறினால் பிடிக்காது. ஆட்டோ கியர் வண்டியில் வேகத்தைக் குறைத்தபின் கியரையும் குறைத்துக்கொண்டு இயந்திரம் வண்டியைப் பிடிக்க விடுங்கள். பிள்ளைக்கான கார் இருக்கை மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் சட்டப்படி கட்டாயம். ‘அழுகிறது, மடியில் வைத்துக்கொள்கிறேன்’ என்பது மலைப்பாதையில் மிக ஆபத்தான சமாதானம். அழுகை நிற்கவில்லையென்றால் பாதுகாப்பாக ஒதுங்க இடம் வரும்போது நிறுத்தித் தூக்குங்கள்.

கை எட்டும் இடத்தில் வைக்க வேண்டியவை: ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகள் ஐந்து, சிறு துண்டு இரண்டு, ஈரத் துடைப்பான், பிள்ளைக்கு ஒரு மாற்றுடை, பக்கத்தில் உட்காருபவருக்கு ஒரு சட்டை. கடைசியில் சொன்னதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். பயணக் குமட்டல் மருந்துகளைக் கடையில் வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள். அவற்றில் சில இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாதவை. மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

இன்னொன்று: கீழே மூடிய ஸ்ட்ரா கப்பை மேலே திறந்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து தண்ணீர் பீய்ச்சும். திருகு மூடியை முதலில் கொஞ்சம் தளர்த்திக் காற்றை விட்டபின் பிள்ளையிடம் கொடுங்கள்.

அறை, குளிர், சாப்பாடு

தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரம். பிள்ளைக்கு உயர நோய் வரும் உயரமில்லை, ஆனால் இரவில் 15 முதல் 18 டிகிரி வரை இறங்கும். கோலாலம்பூர் வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு அது கடும் குளிர்தான். ஒரே தடித்த ஜாக்கெட்டைவிட மெல்லிய உடைகள் மூன்று மேல் மேலாகப் போடுவது நல்லது: பருத்தி உள்சட்டை, முழுக்கைச் சட்டை, மேலே கம்பளி அல்லது ஃப்ளீஸ். ஓடி வியர்த்ததும் ஒன்றைக் கழற்றலாம். வியர்த்த சட்டையோடு விட்டால்தான் பிள்ளை நடுங்கும். காலுறை எத்தனை கொண்டுபோனாலும் போதாது. துவைத்தது அந்த ஈரக்காற்றில் ஒரு நாளில் காயாது, ஆகவே நாளுக்கு மூன்று செட் கணக்கிடுங்கள். பேம்பர்ஸையும் வழக்கத்தைவிட நாளுக்கு இரண்டு கூடுதலாக எடுத்து வையுங்கள்.

அறை பதிவு செய்யுமுன் போன் போட்டுக் கேட்க வேண்டியவை: சுடுநீர் எந்த நேரமும் வருமா, மெத்தையில் பூஞ்சை வாடை உண்டா, கெட்டில் இருக்கிறதா, தரைத்தளம் கிடைக்குமா, பால்கனிக் கம்பிகளின் இடைவெளி பிள்ளை தலை நுழையாத அளவா. பூஞ்சைக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். இழுப்பு உள்ள பிள்ளைக்கு முதல் இரவிலேயே தெரிந்துவிடும்.

தானா ராத்தா கடைத்தெருவில் நம் சாப்பாடு கிடைக்கும், பிள்ளைக்கு இட்லி தோசைக்குக் குறையில்லை. அறையில் சின்ன குக்கரில் கஞ்சி வைப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி குழைய அதிக நேரம் பிடிக்கும். முன்கூட்டியே ஊற வையுங்கள்.

மலையில் ஒரு முழு நாள்

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரே ஓர் இடம், மாலையில் ஒரே ஓர் இடம். நடுவில் அறைக்கு வந்து தூக்கம். மூன்றாவதைச் சேர்க்காதீர்கள்.

காலை இடம் சுங்கை பாலாஸ். உள்ளே போகும் சாலை மிகக் குறுகல், எதிரே வண்டி வந்தால் ஒதுங்க வேண்டியிருக்கும். திறந்தவுடனே போய்விடுங்கள். ஸ்ட்ரோலரை வண்டியிலேயே விட்டுவிட்டு முதுகில் சுமக்கும் கேரியர் எடுங்கள், படிகளும் சரிவும்தான் அதிகம். பிள்ளைக்குத் தேநீர் வேண்டாம். தேயிலை வரிசைகளுக்கு நடுவே படம் எடுக்க இறக்கிவிடும்போது கையை விடாதீர்கள், செடிக்கு அடியில் காலடி தெரியாது.

மாலையில் ஸ்ட்ராபெரித் தோட்டம். பறித்த பழம் கழுவாமலே பிள்ளை வாய்க்குப் போகும். ஒரு பாட்டில் தண்ணீரும் சிறு டப்பாவும் கையில் இருக்கட்டும், கழுவி நான்காக நறுக்கிக் கொடுங்கள். பக்கத்துத் தேன் பண்ணைகளில் பிள்ளைக்குச் சுவைக்கத் தேன் நீட்டுவார்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு சொட்டுக்கூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். பாட்டி ஆசையாகத் தொட்டு வைத்தாலும் தடுங்கள். கள்ளிச்செடித் தோட்டம் இந்த வயதுக்கு வேண்டாம். பாசிக் காட்டுக்கும் இன்னும் சில ஆண்டு காத்திருக்கலாம்: வழுக்கும் பலகைப் பாதை, திடீர் மழை, குறுகிய சாலை. மாலையில் ஸ்ட்ராபெரித் தோட்டம் வேண்டாமென்றால் அதற்குப் பதில் பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயில் போதும்.

மருந்துப் பையில் வெப்பமானி, பாரசிட்டமால், வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்புத்தூள் இருக்கட்டும். பாரசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றும் 250 என்றும் இரண்டு வலிமையில் வருகிறது. பாட்டிலைப் பார்க்காமல் பழைய அளவையே ஊற்றுவதுதான் வழக்கமான தவறு. உங்கள் பிள்ளையின் எடைக்கு எத்தனை மில்லி என்று மருத்துவரிடம் கேட்டு பாட்டில்மேல் எழுதி ஒட்டுங்கள். அவசரத்துக்குத் தானா ராத்தாவிலேயே சுல்தானா ஹஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது.

ஏரிக்கரை

புதன்கிழமை காலை 10.30-க்கு இறங்கத் தொடங்கினால் மதியச் சாப்பாடு சிம்பாங் பூலாயில், தூக்கம் தைப்பிங் போகும் நெடுஞ்சாலையில். தீபகற்பத்தில் மிக அதிகம் மழை பெய்யும் ஊர் தைப்பிங். மழை பெரும்பாலும் பிற்பகலில் இறங்கும். எனவே ஏரியை வியாழன் காலைக்கு வையுங்கள், 7.30 முதல் 10 வரை. தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டித் தண்ணீர்மேல் சாய்ந்து கிடக்கும் பகுதியில்தான் பிள்ளை முதலில் நிற்கும். நிற்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

பல இடங்களில் கரைக்கு வேலி இல்லை. பிள்ளை நீரில் விழுந்தால் சத்தமே கேட்காது. ஆகவே ‘எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம்’ என்பது போதாது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அவர் கையில் போன் இருக்கக் கூடாது, பிள்ளை ஒரு கை தூரத்துக்கு அப்பால் போகக் கூடாது. படகில் ஏறுவதானால் பிள்ளையின் எடைக்கேற்ற, கால்களுக்கு இடையே வார் உள்ள மிதவைச் சட்டை வேண்டும். அது இல்லையென்றால் படகு வேண்டாம். குரங்குகள் வரும், பிள்ளை கையில் பிஸ்கட்டோடு நடக்க விடாதீர்கள். கொசு உண்டு, முழுக்கால் சட்டை போடுங்கள்.

நடந்து முடிந்தபின் பக்கத்திலேயே விலங்குக் காட்சிசாலை. ஒன்றரை மணி நேரம் போதும். சாப்பிட்டு 12.30-க்குக் கிளம்பினால் பிள்ளை ஈப்போ வரை தூங்கும். வழியில் ஒருமுறை நிறுத்தி இறக்கிவிட்டால் நாலரை மணி வாக்கில் கோலாலம்பூர், வேலை முடிந்து திரும்புவோரின் நெரிசல் முற்றுவதற்குள் வீடு சேரலாம்.

பினாங்கிலிருந்து வருபவர்கள் வரிசையை மாற்றுங்கள். பட்டர்வொர்த்திலிருந்து தைப்பிங் ஒன்றேகால் மணி நேரம்தான். ஞாயிறு பிற்பகல் வந்து தங்கி, திங்கள் காலை ஏரி, மதியம் தூக்க நேரத்தில் சிம்பாங் பூலாய் ஏற்றம், செவ்வாய் மலை, புதன் இறக்கம்.