யசீதி மதத்தின் வேர்களைத் தேடிப் படிப்பது எப்படி?

வடக்கு ஈராக்கில் பெரும்பாலும் குர்து மொழி பேசும் சிறுபான்மையினரான யசீதிகளின் மதத்தைப் பற்றிப் படிக்கப் புகுவோர் முன் பெரும்பாலும் ஒரு கலவைப் பட்டியலே வைக்கப்படுகிறது: கொஞ்சம் சொராஸ்திரியம் (பண்டைய ஈரானிய மதம்), கொஞ்சம் இஸ்லாம், கொஞ்சம் கிறித்தவம். அதை ஒதுக்கிவிட்டு, காலம் தெளிவாகத் தெரிந்த சேக் அதி இப்னு முசாபிரிடமிருந்து தொடங்குங்கள். இன்றைய லெபனானின் பெக்கா சமவெளியில் பிறந்து, பாக்தாதில் பயின்று, ஈராக்கின் மோசுலுக்கு வடக்கேயுள்ள லாலிஷில் தங்கி, 1162 வாக்கில் மறைந்த சூஃபி ஞானி அவர். அவருடைய எழுத்துகளில் காணப்படுவது மரபான இஸ்லாமியக் கோட்பாடுதான். அப்படியிருக்க, அவரைத் தெய்வ அம்சமாகப் போற்றும் ஒரு தனி மதம் அவருக்குப் பின் எவ்வாறு உருவானது என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். அவருடைய சீடர் மரபு, அம்மலைகளில் வாழ்ந்த குர்து மக்களின் பழைய நம்பிக்கைகளோடு கலந்தது என்பதே ஆய்வாளர் பலரின் விடை.

அடுத்து, ஏட்டைவிடச் சடங்கையும் பாடலையும் நம்புங்கள். 1910களில் யசீதிகளின் புனித நூல்கள் என அச்சான இரண்டும் வெளியார் எழுதியவை என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள். கவ்வால்கள் எனப்படும் பாடகர்கள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாகக் காத்துவரும், குர்து மொழியின் குர்மாஞ்சி வழக்கிலமைந்த பாடல்களே மூல ஆதாரம். லாலிஷின் இலையுதிர்காலப் பெருவிழாவில், சூரியனோடு சேர்த்துப் போற்றப்படும் சேக் ஷம்ஸின் சன்னதியில் காளை பலியிடப்படுகிறது. சன்னதிக்குரியவர் பெயர் அரபு, பலியோ பண்டைய ஈரானிய வழிபாட்டை நினைவூட்டுவது. ஒரே சடங்கில் இரண்டு அடுக்குகளையும் இங்கே பார்க்கலாம். யசீதிகள் போற்றும் ஏழு தேவதூதர் என்ற கருத்து மேற்கு ஈரானின் யார்சான் மக்களிடமும் இருப்பதால், இரு மரபுக்கும் பொதுவான பழைய அடித்தளம் ஒன்று இருந்திருக்கலாம் என ஊகிக்கலாம். ஆனால் லாலிஷின் வெண்சுனை நீரில் குழந்தைகளுக்குச் செய்யும் ஞானநீராட்டைக் கண்டதும் கிறித்தவம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நீராட்டுச் சடங்கு தெற்கு ஈராக்கின் மாந்தேயர் என்னும் பழைய மதத்தினரிடமும் உண்டு. யசீதிகள் போற்றும் மயிலையும் அவர்களுடைய அடுக்குப் பித்தளை விளக்குகளையும் பார்த்து முருக வழிபாடு என நம்மவர் பகிரும் செய்திகளுக்கும் வரலாற்றுச் சான்று ஏதுமில்லை.

மயில் தேவதூதரான தாவூசி மெலெக்கைப் பற்றிப் படிக்கையில் கூடுதல் கவனம் தேவை. இஸ்லாமிய மரபில் ஆதாமை வணங்க மறுத்தவன் சாத்தான்; தாவூசி மெலெக்கும் அப்படி மறுத்த தூதர் என்ற கதையை வைத்து, யசீதிகளைச் சாத்தானை வணங்குவோர் என அயலார் நெடுங்காலம் பழித்தனர். அம்மறுப்பை இறைவன் மீதுகொண்ட தூய பக்தியாக வாசித்த சூஃபிகள் முன்பே இருந்தார்கள். 922இல் கொல்லப்பட்ட ஹல்லாஜ் அவர்களுள் ஒருவர். 2014 ஆகஸ்டில் வடக்கு ஈராக்கின் சிஞ்சாரில் யசீதிகளைக் கொன்று குவித்து, பெண்களை அடிமைகளாக விற்ற ஐ.எஸ். இயக்கத்தினரும் இதே பழியையே காரணமாகக் காட்டினார்கள். ஆகவே ‘சாத்தானை வணங்குவோர்’ என்ற சொல்லைக் கையாளும் எந்த நூலிலும், ஒரு யசீதியின் வாக்குமூலமாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகே மேலே படியுங்கள்.